ஏழு கடிதங்களும் ஓர் ஆடும்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். தமிழும் சரி, மலையாளமும் சரி, அச்சடித்த மாதிரி விழும். தேவிகுளத்தில் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே லயத்து ஆட்களுக்கு லீவு லெட்டர் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை ஒருவருக்கு லேசான காய்ச்சல் என்று எழுதச் சொன்னார்கள். நான் எழுதியதைப் படித்த எஸ்டேட் டாக்டர், ஆளைப் பார்க்காமலே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார். எனக்குள் ஓர் எழுத்தாளன் இருப்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

என் பெயர் பிச்சைமணி. பெண் எடுத்த ஊர் என்று, எல்லைக்கு மலையாளப் பக்கம் இருக்கிற பெருமாட்டிக்கு வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. சித்தூரில் ஒரு ஃபோட்டோஸ்டாட் கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ஆபீசுகளுக்கு மனு எழுதித் தருகிறேன். இங்கே அதை அபேட்சை என்பார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டில் பேசுவது தமிழ், ஆபீசில் நடப்பது மலையாளம். வயதானவர்களுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். இளவட்டங்கள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தமிழில் சண்டை போடுவார்கள், தமிழில் காதலிப்பார்கள். பொள்ளாச்சி பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொன்னால் முழிப்பார்கள். இரண்டு எழுத்தும் சரளமாக வருகிற ஆட்கள் குறைவு. அதிலும் கேட்டதும் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிற ஆள் நான் ஒருவன்தான்.

எங்கள் ஊர் வாசகசாலைக்கு ஒரு நாடகக் குழு உண்டு. ஆண்டுவிழாவுக்கு ஆண்டுவிழா புது நாடகம் போடுவார்கள். எழுதுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆறுமுகசாமி அண்ணன்; வாசகசாலைத் தலைவர், தென்னந்தோப்புக்காரர், ராஜா நாடகம் எழுதுவார். இன்னொருவர் எலப்புள்ளி சந்துரு. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை, சமூக நாடகம் எழுதுவார். இருவருமே எல்லை தாண்டிப் போய்த் தமிழில் படித்தவர்கள். அவர்கள் எழுதியதை நடிக்கிற பிள்ளைகளால் படிக்க முடியாது. அதனால் ஒவ்வொருவர் வசனத்தையும் தனித்தனி நோட்டில், பேச்சு தமிழாகவும் எழுத்து மலையாளமாகவும், நான் பகர்த்தி எழுதித் தருவேன்; பார்த்து நகல் எடுப்பதை இங்கே அப்படிச் சொல்வார்கள். எழுதியவருக்கு என் நோட்டைப் படிக்கத் தெரியாது. நடிப்பவருக்கு அவர் நோட்டைப் படிக்கத் தெரியாது. நடுவில் நான் மட்டும். இந்த ஏற்பாட்டை நான் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எழுதியவர் ஒத்திகைக்கு வரக் கூடாது என்ற விதி மட்டும் நான் கொண்டுவந்தது. அதற்குக் காரணம் இருந்தது. ஒரு வருடம் ஆறுமுகசாமி அண்ணன் ஒத்திகை நடுவே மேடையேறி, வசனத்தை மாற்றிச் சொன்ன ராஜாவை அறைந்துவிட்டார். ராஜா அவருடைய தங்கை வீட்டுக்காரர். இரண்டு வருடம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. குடும்பங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த விதியைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் அவர் எழுதிய ராஜா, நெஞ்சில் மூன்று அம்புகளோடு மூன்று பக்கம் பேசினார். அம்புக்கு ஒரு பக்கம். பகர்த்திக்கொண்டே வந்தவனுக்கு இரண்டாவது பக்கத்தில் கை வலித்தது. மூன்று பக்கத்தையும் எடுத்துவிட்டு, "போதும். எல்லோரும் போய்ச் சாப்பிடுங்கள்" என்று எழுதினேன். ராஜா அதைச் சொல்லிவிட்டுச் செத்தார். அப்புறம் கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. திரைக்குப் பின்னால் அண்ணன் வேகமாக வந்தபோது, என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் என் தோளில் கைபோட்டார்.

"பிச்சமணி, அந்தக் கடைசி வரி எப்புடி இருந்துச்சு?"

"எழுதுனது நீங்கதானண்ணே," என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "ஆமா," என்றார். அதற்குள் அவருக்குப் பொன்னாடை போர்த்த மைக்கில் கூப்பிட்டார்கள்.

இதற்கு மேல் நான் எப்படி நிறுத்துவது? முதலில் வசனங்களைத் திருத்தினேன். அப்புறம் காட்சிகளை. ஐந்தாறு வருடத்தில் தலைப்பும் பாத்திரங்களின் பெயரும் மட்டும் அவர்களுடையவை, மற்றதெல்லாம் என்னுடையவை என்ற நிலை வந்தது. அவர்களும் ஆண்டுவிழா மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து, தங்கள் நாடகத்தை மற்றவர்களைப் போலவே முதல்முறையாகப் பார்த்தார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் அவர்கள் நாற்காலி நுனிக்கு வருவதை நானே பார்த்திருக்கிறேன். ஓர் எழுத்தாளனுக்கு அப்படிப்பட்ட சந்தோஷம் வேறு யார் தருவார்கள்?

மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை மூன்று மணிக்கு, வாசகசாலையில் நாடகாசிரியர் சந்திப்பு நடக்கும். பரிப்பு வடையும் டீயும் உண்டு. புதிதாக எழுதுவதைப் பற்றியும், எழுத்து தங்களுக்குள் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றியும் அவர்கள் பேசுவார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுவேன். சந்துருவின் ஒரு நாடகத்தில் குடிகாரன் பெண்டாட்டி வீட்டைவிட்டுப் போகும்போது, "சோறு பானையில இருக்குது. நா இல்ல" என்று எழுதி வைத்துவிட்டுப் போவாள். எங்கள் பஞ்சாயத்தில் வீட்டுக்கு வீடு அந்த வரியைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அது எப்படி வந்தது என்று ஒரு சந்திப்பில் கேட்டார்கள்.

"கம்பெனி பஸ்ஸுல ஏறி உக்கோந்தனுங்க. கண்ண மூடுனேன். அதுவா வந்துருச்சு. நா எழுதவே இல்லீங்க," என்றார் சந்துரு.

"எனக்கும் அப்புடித்தான். ஏதோ ஒரு கை எழுதுற மாதிரியே இருக்கும்," என்றார் ஆறுமுகசாமி அண்ணன்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அப்படியே மினிட்ஸில் எழுதினேன்.

நாச்சம்மாள் அக்கா அந்தச் சந்திப்புக்கு வந்தது போன வருடம் கார்த்திகையில். அறுபத்து மூன்று வயது. கையில் எண்பது பக்க ஸ்கூல் நோட்டு, பக்கம் விடாமல் எழுதியிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் மயிலுசாமி அண்ணன் தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மயிலுசாமி அண்ணனை எனக்கு நன்றாகத் தெரியும். பாசனக் கனால் தண்ணீர் வந்து நிற்கிற இடத்திலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி அவர் தோப்பு. நூற்று நாற்பது தென்னை. போர்வெல் வற்றத் தொடங்கிய வருடம் என் மேசைக்கு வந்தார். "அந்த முந்நூறு மீட்டருக்கு ஒரு கைவாய்க்கா வெட்டிக் குடுக்கச் சொல்லி எழுதுங்க தம்பி" என்றார். எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியவற்றில் அது ஒரு நல்ல மனு. ஃபோட்டோஸ்டாட் கடைப் பெண் பிரதி எடுக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆபீசிலிருந்து பதில் வந்தது. அவருக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, என்னிடம் கொண்டுவந்தார். பரிசீலனையில் இருக்கிறது என்று படித்துச் சொன்னேன். வருடம் ஒரு மனு, வருடம் ஒரு பதில். ஆறு வருடம் அவர் அப்படிக் காத்திருந்தார். சுற்றிலும் எல்லோரும் தோப்பை விற்று மனைக்கட்டாக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் விற்கவில்லை. ஊரில் அவருக்குப் "பரிசீலனை மயிலு" என்று பேர் வைத்து, டீக்கடையில் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். சிரிப்பார்கள் என்று கடிதங்களை அவர் யார் கண்ணிலும் காட்டியதில்லை. ஒரு தகரப் பெட்டியில் கற்பூரம் போட்டு வைத்திருந்தார். மரங்கள் ஒவ்வொன்றாக மண்டை சாய்ந்தன. கடைசியில் அவரும் சாய்ந்தார்.

அக்கா அதைத்தான் நாடகமாக எழுதியிருந்தார். சந்திப்பில் முழுக்கப் படித்துக் காட்டினார். படித்து முடித்து, "ஊரே அவர முட்டாளுன்னு சொல்லுச்சுங்க. அவரு முட்டாளில்லைன்னு ஒருக்கா நாலு பேரு முன்னால சொல்லிப்போடோணும். அவ்வளவுதானுங்க," என்றார்.

ஆறுமுகசாமி அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சண்டை ஒன்றும் இல்லையே என்றார். சந்துரு, "அங்கங்க ஒரு காமெடி வேணுமுங்க அக்கா. சனம் எந்திரிச்சுப் போயிரும்," என்றார். இது மினிட்ஸில் இருக்கிறது. நான் பின்னால் செய்தது எல்லாம் சபையின் கருத்தை ஒட்டியே செய்தது என்பதற்கு அதுவே ஆதாரம்.

நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். நாடகத்தில் ஒரு மனு எழுதுகிறவர் வருகிறார். பெயர் மாற்றியிருந்தாலும் நான்தான். மிக நல்ல மனிதராக எழுதியிருந்தார். ஊரே சிரிக்கும்போது சிரிக்காத ஒரே ஆள். ஒவ்வொரு பதில் வரும்போதும் அண்ணனை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நிதானமாகப் படித்துச் சொல்லுகிற ஆள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பற்றி அதுவரை யாரும் ஒரு வரி எழுதியதில்லை.

கடைசிக் காட்சிக்கு வந்தேன். அண்ணன் இறந்த பிறகு, நிஜத்தில் இல்லாத ஒரு மகள் வருகிறாள், பெட்டியைத் திறக்கிறாள். அங்கே அக்கா இப்படி எழுதியிருந்தார்: "இங்கே பாப்பா அந்த ஏழு கடுதாசியையும் எடுத்து ஒவ்வொன்றாக சத்தமாகப் படிக்க வேண்டியது. எனக்கு மலையாளம் தெரியாது, அதனால் எழுதவில்லை. அசல் கடுதாசியையே கொடுத்துவிடுகிறேன்."

அந்தக் குறிப்பைப் படித்த பிறகுதான் நாடகத்தில் பல குறைகள் என் கண்ணில் பட ஆரம்பித்தன.

மகள் வேடத்துக்குக் கிருத்திகா என்று முடிவாகியிருந்தது. நர்சிங் படிக்கிற பெண், மலையாளத்தைத் தண்ணீர் மாதிரி படிப்பாள். ஒத்திகையில் அவள் கையில் வெள்ளைத் தாள்தான் இருக்கும். ஆண்டுவிழா அன்றைக்குத்தான் அசல் கடிதங்கள் வரும். நானூறு பேருக்கு முன்னால் மைக்கில் படிப்பாள். யோசித்துப் பார்த்தேன். அது நாடகமாக இருக்காது, ஆபீஸ் மாதிரி இருக்கும் என்று தோன்றியது. கலை என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

எனவே நாடகத்தை நகைச்சுவையாக மாற்றினேன். எட்டு நாளில் எழுதி முடித்தேன். அவ்வளவு வேகமாக எனக்கு எதுவும் வந்ததில்லை. மயிலுசாமி அண்ணனாக நவீன்குமார். பிளம்பர், தொப்பை உள்ள பையன். அவன் வாய்க்கால் வரும் வரும் என்று மண்வெட்டியைத் தோளில் போட்டபடியே தூங்குவான், தோளில் போட்டபடியே சாப்பிடுவான், கல்யாண வீட்டுக்குப் போவான். குழாயில் சொட்டுச் சத்தம் கேட்டால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடுவான். மனு எழுதுகிறவரை எடுத்துவிட்டேன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. கடைசிக் காட்சியில், மகள் பெட்டியைத் திறந்து கடிதங்களை எடுக்கும்போது, ஓர் ஆடு வரும்.

ஆடு கிருத்திகா வீட்டு ஆடு. அவளுடைய நோட்டில் இப்படி எழுதினேன்: "கடிதங்களைக் கீழே வைக்கவும். ஆட்டைத் தடுக்க வேண்டாம். அது தின்று முடிக்கும்வரை எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கவும்." ஒத்திகையில் வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தார்கள். ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அது எனக்கு ஒரு பாடம். ஆண்டுவிழா அன்று காலை அக்கா தகரப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"பத்தரமுங்க தம்பி. நாடகம் முடிஞ்சதும் நீங்களே வாங்கி வெச்சிருங்க. அவரு சொத்துன்னு இதுதான் இருக்குது."

"எங்கிட்ட இருந்தா ஒங்ககிட்ட இருக்குற மாதிரிக்கா," என்றேன்.

வீட்டுக்கு வந்து ஏழு தாளிலும் உப்புத் தண்ணீர் தெளித்து, சாதம் வடித்த கஞ்சியும் லேசாகத் தடவி, வெயிலில் உலர்த்தினேன். ஆட்டுக்குக் காலையிலிருந்து தழை போட வேண்டாம், மேடையில் அசிங்கம் பண்ணிவிடும் என்று கிருத்திகா வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். இதையெல்லாம் விட, கடிதங்களை நானே கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டால் என்ன பதில் சொல்வேன்? தொலைந்துவிட்டது என்றால் பெட்டி யாரிடம் இருந்தது என்பார்கள். நானூறு பேர் பார்க்க ஆடு தின்றால் ஆட்டை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு நாடகம் தொடங்கியது. நவீன்குமார் மண்வெட்டியோடு வந்து நின்றதுமே சிரிப்பு. அப்புறம் அடங்கவே இல்லை. குழந்தைகள் தரையில் உருண்டார்கள். டீக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆடு ஏழு கடிதங்களையும் தின்ன நாலரை நிமிடம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு தாளும் உள்ளே போகும்போது சனம் எண்ணியது. ஏழு என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை யாரோ செல்போனில் எடுத்துப் போட்டு, பொள்ளாச்சி வரைக்கும் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். எழுதியவர் பெயர் நாச்சம்மாள் என்றுதான் அதிலும் இருக்கிறது.

நான் பக்கவாட்டிலிருந்து அக்காவைப் பார்த்தேன். முதல் வரிசையில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் காட்சியில் நோட்டைத் திறந்து பார்த்தார். அப்புறம் மூடிவிட்டார். ஆடு வந்தபோது எழுந்து நின்றார். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று உட்காரச் சொன்னார்கள்.

பொன்னாடைக்கு மேடைக்கு அழைத்தார்கள். இவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு "ஆமா" என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நாடகம் திருத்துகிற இந்தப் பத்தொன்பது வருடத்தில் அப்படிச் சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. அவர் மைக்கைப் பிடித்து, "இது நா எழுதுன நாடகமில்லீங்க," என்றார். அடக்கம் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. மறுபடியும், "நா எழுதுலீங்க," என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். மூன்றாவது தடவை, "என்ற ஊட்டுக்காரரு முட்டாளில்லீங்க," என்றார்.

கைதட்டல் நின்றுவிட்டது. அத்தனை நேரம் உயரத்தில் இருந்த நாடகம் அந்த ஓர் இடத்தில் சோர்ந்து போனது உண்மை. நான் எழுதியிருந்தால் அந்த வரியை அங்கே வைத்திருக்க மாட்டேன்.

பிறகு நடந்தது விசாரணை. ஆறுமுகசாமி அண்ணன், சந்துரு, வாசகசாலைத் துணைத்தலைவர் சிசிலி டீச்சர், மூன்று பேர். டீச்சருக்குத் தமிழ் பேச்சு நன்றாக வரும், எழுத்து தெரியாது. அவர் ஒரு காரியம் செய்தார். கிருத்திகாவின் மலையாள எழுத்து நோட்டைத் தான் எடுத்துக்கொண்டு, அக்காவைத் தன் தமிழ் நோட்டோடு எதிரே உட்காரவைத்தார். டீச்சர் ஒரு வரி வாய்விட்டுப் படிப்பார். அக்கா தன் நோட்டில் விரல் வைத்து, "இல்லீங்க டீச்சர்" என்பார். அடுத்த வரி. "இல்லீங்க." இப்படி இரண்டு பெண்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து படித்திருந்தால் பத்தொன்பது வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். இத்தனை எளிது என்று எனக்கே தோன்றியதில்லை. பன்னிரண்டு பக்கம் போனார்கள். ஒத்துப்போனது "தண்ணி" என்ற ஒரு சொல் மட்டும்.

"பழைய நாடகத்து நோட்டெல்லாம் அலமாரியிலதான இருக்கு? அதையும் இதே மாதிரி படிச்சுப் பாத்தா என்ன?" என்றார் டீச்சர்.

"வேண்டாமுங்க," என்று ஆறுமுகசாமி அண்ணனும் சந்துருவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தலைவர் என் முகத்தைப் பார்க்காமல், அலமாரிச் சாவி தொலைந்துபோய்விட்டது என்றார். சாவி அவர் சட்டைப் பையில் தெரிந்தது. விசாரணை இந்த ஒரு நாடகத்தோடு நிற்கும் என்று தீர்மானம் போட்டு, அதைப் பற்றி மட்டும் நான் ஒரு வாக்குமூலம் தர வேண்டும் என்றார்கள். பதிவேடு மலையாளத்தில் இருப்பதால் மலையாளத்தில். ஒன்றரைப் பக்கத்தில் கொடுத்துவிட்டேன்: வசனங்களை மாற்றியது தவறு, நோக்கம் நல்லது, வருந்துகிறேன். எதையும் முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். நீங்கள் படிப்பது அந்தத் தமிழ்ப் பிரதி. கொடுத்த பிறகும் எழுதிக்கொண்டே போனதில் இது கொஞ்சம் நீண்டுவிட்டது.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் டீச்சர், நாடகத்தை அக்கா எழுதியபடியே ஓணத்துக்கு மறுபடியும் போட வேண்டும் என்றார். அக்கா படிக்கப் படிக்க மலையாள எழுத்தில் தான் எழுதிக்கொள்வதாகவும் டீச்சரே சொன்னார். கடிதங்களுக்கு ஆபீசில் பிரதி கேட்டு எழுதலாம் என்றும் சொன்னார். அப்போது அக்காதான் குறுக்கிட்டார்.

"மறுபடியும் ஆபீசா? அவரு ஏறுன படியெல்லாம் போதுமுங்க டீச்சர். தம்பி ஆறு வருசம் படிச்சுச் சொன்னவரு. அவருக்கு மனப்பாடமாத் தெரியும். அவரே எழுதிக் குடுக்கட்டும்."

"இவ்வளவு செஞ்ச ஆளா எழுதறது?" என்றார் டீச்சர்.

"நாடகத்துல வெளையாடிப்போட்டாரு, தப்புத்தானுங்க. அவரு கடுதாசியில வெளையாட மாட்டாரு. எங்க ஊட்டுக்காரரு கூடக் கடைசி வரைக்கும் நின்ன மனுசன்."

அவர் சொன்னது சரி. எனக்கு மனப்பாடமாகத் தெரியும். முதல் கடிதத்தை இங்கே தமிழில் தருகிறேன். "நூற்று நாற்பது தென்னைகளும் மடிந்துவிட்டதாக மனுதாரரே எழுதியிருப்பதால், வாய்க்காலை நீட்டிக்க வேண்டிய தேவை எழவில்லை. மரங்கள் உயிருடன் இருந்தால் வில்லேஜ் ஆபீசரின் சான்றோடு முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கவும்." அவ்வளவுதான்.

அன்றைக்கு நூற்று நாற்பது மரமும் உயிரோடுதான் இருந்தன. காய் பிடித்திருந்தன. எல்லாம் மடிந்து தோப்பு மயானமாகக் கிடக்கிறது என்று எழுதியது நான். அப்படி எழுதினால்தான் படிப்பவருக்கு நெஞ்சில் தைக்கும். அண்ணன் என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, என்ன எழுதியிருக்குது தம்பி என்று கேட்டார். ஒரு சான்று வாங்க வேண்டும், வில்லேஜ் ஆபீஸ் எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது, நடந்து போனால் மூன்று நிமிடம். ஆனால் அதைச் சொல்வதற்கு, என் மனுதான் காரியத்தைக் கெடுத்தது என்று நானே வாய்விட்டுப் படிக்க வேண்டும். யாரோ ஒரு குமாஸ்தா, இலக்கியம் தெரியாதவன். பரிசீலனையில் இருக்கிறது அண்ணே என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. அதைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் மாற்றிச் சொல்ல மனம் வரும்? அடுத்தடுத்த வருடங்களில் மனுவில் மரங்களை உயிர்ப்பித்திருக்கலாம்தான். ஒரே எழுத்தாளன் முன்னுக்குப் பின் முரணாக எழுதக் கூடாது என்று விட்டுவிட்டேன். நாலாவது வருடத்துக்குள் நான் எழுதியது கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டது. ஏழாவது பதில் அண்ணன் இறந்த வாரத்தில் வந்தது; எழவு வீட்டில் அதை யாரும் படிக்கச் சொல்லவில்லை. அதிலும் முதல் கடிதத்தைப் பார்க்கவும் என்றுதான் இருந்தது.

போன வாரம் உட்கார்ந்து ஏழையும் புதிதாக எழுதினேன். ஆபீஸ்காரர்கள் அவரை மரியாதையாக ஐயா என்று கூப்பிடுகிறார்கள். பொறுமைக்கு நன்றி சொல்கிறார்கள். ஆறு கடிதங்களில் பரிசீலிக்கிறார்கள். ஏழாவதும் அப்படியே இருந்தால் நாடகம் தொங்கிவிடும், ஒரு முடிவு வேண்டும். அக்கா கேட்டிராத கடிதம் என்பதால் எனக்குக் கொஞ்சம் இடமும் இருந்தது. முந்நூறு மீட்டர் வாய்க்காலுக்கு அனுமதி வழங்கப்பட்டது என்று எழுதினேன். தேதி, அண்ணன் இறந்ததற்கு மறுநாள்.

நேற்று மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். ஏழாவதைப் படித்து முடித்ததும் அக்கா தேதியை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். வெளியே தலையில்லாமல் நிற்கிற மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவரு நெனச்சது சரிதானுங்க தம்பி. ஒரு நாளுதான் பத்தாமப் போச்சு."

என் பத்தொன்பது வருட எழுத்தில் இப்படி ஒரு வரி வந்ததில்லை. அங்கேயே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டேன். நான் எழுதாமல் இருந்திருந்தால், பாவம், அவருக்கு அந்த வரி எங்கிருந்து வந்திருக்கும்?